பித்தக்கல்லும் சுண்டெலியும்

கோரோசனை என்னும் பொருளை அறியாத தமிழ்க் குடும்பம் முன்னாளில் அரிது. பிள்ளை பெற்ற வீட்டில் அதனைத் தாய்ப்பாலில் இழைத்துக் குழந்தைக்குப் புகட்டுவர். நாட்டு மருந்துக் கடையில் அதற்குக் குன்றிமணி எடைக்கு விலை கூறுவர். அது மரத்தில் காய்ப்பதன்று, மண்ணில் விளைவதுமன்று. மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல்லே கோரோசனை. அதனைப் பச்சிளங் குழந்தைக்குக் கொடுப்பதை இன்றைய குழந்தை மருத்துவர் ஒப்புவதில்லை. எனினும், பித்தநீரிலிருந்து கல் பிறக்கும் என்னும் செய்தி நம்மவர்க்குப் புதியதன்று என்பதற்கு அது நல்ல சான்றாகும்.

மாட்டின் வயிற்றில் உண்டானால் மருந்தென்று போற்றப்பட்ட அக்கல், மனிதர் வயிற்றில் உண்டாகும்போது நோயாகின்றது. அது ஏன் உண்டாகின்றது? ஒரே உணவை உண்ணும் இருவருள் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வாராதிருப்பது எதனால்? இவ்வினாக்களுக்கு விடை காண அறிவியலார்க்குப் பெருந்துணை புரிந்த உயிர், நம் வீட்டு அரிசிப் பானையை உருட்டும் சுண்டெலியே. அக்கதையை இங்கே சிறிது விரித்துரைப்போம்.

முதலில் பித்தநீரைப் பற்றி அறிவோம். நம் வழக்கில் ‘பித்தம்’ என்னும் சொல் பல பொருள் தரும். தலை சுற்றினாலும் பித்தம். வாய் கசந்தாலும் பித்தம். மனம் பேதலித்தாலும் பித்தம் என்கிறோம். இங்கே நாம் குறிப்பது கல்லீரல் சுரக்கும் மஞ்சள் கலந்த பச்சை நிற நீரை மட்டுமே. நாள் ஒன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை கல்லீரல் இதனைச் சுரக்கின்றது. உணவு இல்லாத வேளையில் இந்நீர் கல்லீரலின் அடியில் தொங்கும் பித்தப்பையில் சென்று சேர்ந்து, நீர் வற்றிச் செறிவடைகின்றது. அப்பை முப்பது முதல் ஐம்பது மில்லிலிட்டர் வரையே கொள்ளும். நெய்யும் எண்ணெயும் கலந்த உணவு குடலை அடைந்தவுடன் பித்தப்பை சுருங்கித் தன்னிடமுள்ள நீரைக் குடலுக்குள் செலுத்துகின்றது. கொழுப்பு செரிப்பது அதன் உதவியால்தான்.

இப்பித்தநீரில் மூன்று பொருள்களை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். ஒன்று பித்த உப்பு, மற்றொன்று லெசித்தின், மூன்றாவது கொலஸ்ட்ரால். கொலஸ்ட்ரால் என்றதும் பலர் அஞ்சுவர். அது பகைப்பொருள் அன்று. உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சுவருக்கும் அது வேண்டும். சில ஹார்மோன்களும் பித்த உப்பும் அதிலிருந்தே உருவாகின்றன. உணவில் வருவது போக, உடல் தானே அதனை ஆக்கிக்கொள்கிறது. மிஞ்சியதை வெளியேற்றும் முதன்மையான வழி பித்தநீரே. ஆயினும் கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாத பொருள். பித்த உப்பும் லெசித்தினும் அதனைச் சூழ்ந்து ஏந்திக்கொண்டு செல்வதாலேயே அது நீரில் கலந்து நிற்கின்றது. இம்மூன்றும் எந்த அளவில் இருந்தால் பித்தநீர் தெளிந்து நிற்கும், எந்த அளவு மீறினால் படிவு தோன்றும் என்பதை அமெரிக்காவைச் சேர்ந்த அட்மிராண்டு, ஸ்மால் என்னும் இருவர் 1968இல் கணக்கிட்டு வரைந்து காட்டினர்.

இதனை விளங்கிக்கொள்ளப் பனங்கற்கண்டு செய்வதை நினைத்துப் பார்த்தால் போதும். பதநீரைக் காய்ச்சிப் பாகு பதத்தில் இறக்கி, நூல் கட்டிய பானையில் ஊற்றிப் பல நாள் அசையாமல் வைப்பர். அங்கே மூன்று செயல்கள் ஒன்றுசேர வேண்டும். பாகில் இனிப்பு அளவுக்கு மிஞ்சிச் செறிந்திருத்தல் வேண்டும். பற்றிக்கொள்ள ஒரு நூல் வேண்டும். பானை அசையாதிருத்தல் வேண்டும். பித்தப்பையில் நிகழ்வதும் இதுவே. கொலஸ்ட்ரால் அளவுக்கு மிஞ்சுவது முதற்காரணம். பித்தப்பையின் உட்சுவர் கசியவிடும் கோழை, பளிங்குத் துகள்கள் பற்றிக்கொள்ளும் நூலாக அமைகின்றது. பை நன்கு சுருங்காமல் நீர் தேங்கி நிற்பது மூன்றாவது காரணம். மூன்றும் கூடினால் மணல் போன்ற துகள் தோன்றி, நாளடைவில் கல்லாகின்றது.

எல்லாப் பித்தக்கற்களும் இவ்வகையின அல்ல. வெளிர் மஞ்சள் நிறமுடைய கொலஸ்ட்ரால் கல் ஒருவகை. கரிய அல்லது பழுப்பு நிறமுடைய நிறமிக்கல் மற்றொரு வகை. இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி பிறக்கின்றது. அது சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து படிவதால் நிறமிக்கல் உண்டாகின்றது. கோரோசனையும் பெரும்பாலும் அந்நிறமியால் ஆனதே. இவ்வேறுபாடு வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் கருத்தில் கொள்ளத்தக்கது. ஏனெனில், நம் நாட்டின் வடபகுதியில் கொலஸ்ட்ரால் கல்லே மிகுதி. தமிழ்நாட்டிலோ நிறமிக்கல்லும் கலப்புக்கல்லும் மிகுதியாகக் காணப்பட்டதைச் சென்னை, கோயம்புத்தூர் மருத்துவர்களின் ஆய்வுகள் காட்டின.

நோயின் அளவிலும் வேற்றுமை உண்டு. இரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்கோத்ரா 1968இல் ஓர் ஆய்வினை வெளியிட்டார். நாடெங்கும் ஒரே நிர்வாகத்தின்கீழ்ப் பணிபுரிந்து, ஒரேவகை மருத்துவ வசதி பெற்ற இரயில்வே ஊழியர்களை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். தென்னாட்டாரைவிட வடநாட்டாரிடம் பித்தக்கல் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுந்திருந்ததைக் கண்டார். வேற்றுமை உணவினால் வந்ததா, குருதிவழி வந்ததா? தெற்கே பிறந்து வடக்கே குடியேறியவர் எந்தக் கணக்கில் சேர்வார்? அவர் பிள்ளைகள் எந்தக் கணக்கில் சேர்வர்?

இவ்வினா அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் இன்னும் கூர்மை பெறுகின்றது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரின் அங்காடியில் தமிழரும் வங்காளியரும் தெலுங்கரும் மலையாளியரும் சோட்டா நாகபுரியிலிருந்து வந்தவர் வழியினரும் ஒரே மீனையும் ஒரே தேங்காயையும் வாங்குகின்றனர். மாயாபந்தர்ப் பகுதியில் கரேன் மக்கள் வாழ்கின்றனர். கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் குடியமர்த்தப்பட்டனர். பெரிய நிக்கோபாரில் முன்னாள் படைவீரர் பல மாநிலங்களிலிருந்து வந்து குடியேறினர். மூதாதையர் வேறு, உணவு ஏறத்தாழ ஒன்று என்னும் நிலை இங்கே உண்டு. எனினும் இத்தகைய மக்கட் கூட்டத்தைக் கொண்டு மரபின் பங்கைப் பிரித்தறிவது எளிதன்று. ஒருவர் வீட்டில் உருகிய நெய். மற்றொருவர் வீட்டில் கடுகெண்ணெய். ஒருவர் ஓடியாடி உழைப்பார். மற்றொருவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். மனிதரைக் கூண்டில் அடைத்து ஒரேவகை உணவளித்து ஆராய இயலுமா? இயலாது, கூடவும் கூடாது. ஆகவேதான் ஆராய்ச்சியாளர் சுண்டெலியை நாடினர்.

பெரிய எலிக்குப் பித்தப்பை கிடையாது என்பது பலர் அறியாத செய்தி. சுண்டெலிக்கு உண்டு. அது சிறிது காலத்தில் வளர்ந்து குட்டியீனும். சில ஆண்டுகளுக்குள் பல தலைமுறைகளைக் காணலாம். இவற்றையெல்லாம்விடப் பெரிய வசதி, தூய மரபுக் குலங்கள் கிடைப்பதாகும். உடன்பிறந்த சுண்டெலிகளையே இருபது தலைமுறைக்குக் குறையாமல் இணைசேர்த்து வந்தால், அக்குலத்தின் எலிகள் யாவும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகளைப்போல் ஒரே மரபுக் கூறுகளைக் கொண்டிருக்கும். இத்தகைய இரு குலங்களுக்கு ஒரே உணவைக் கொடுத்து வேறு வேறு விளைவு கண்டால், அவ்வேற்றுமை மரபினால் வந்தது எனத் துணியலாம்.

இக்குலங்களைப் பேணுவதில் புகழ்பெற்ற நிலையம், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடம். அவ்வூரும் ஒரு தீவிலேயே அமைந்துள்ளது. 1929இல் கிளாரன்ஸ் குக் லிட்டில் என்பவர் அதனைத் தோற்றுவித்தார். 1947இல் தீவில் மூண்ட காட்டுத்தீ ஆய்வுக்கூடத்தைப் பெரும்பாலும் அழித்தது. பல்லாயிரம் சுண்டெலிகள் மாண்டன. ஆயினும் அக்குலங்கள் அடியோடு அற்றுப்போகவில்லை. முன்பு அங்கிருந்து சுண்டெலிகளைப் பெற்றிருந்த பிற ஆய்வுக்கூடங்கள் அவற்றின் வழித்தோன்றல்களைத் திருப்பியனுப்பின. வெளியூர் சென்ற கிளைகளே தாய்வீட்டை மீட்டுக் கொடுத்தன.

அந்நிலையத்தைச் சேர்ந்த பெவர்லி பைகன் அம்மையாரும், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மார்ட்டின் கேரியும் அவர்தம் துணைவர்களும் பித்தக்கல் ஆராய்ச்சியில் இறங்கினர். கொழுப்பும் கொலஸ்ட்ராலும் கோலிக் அமிலம் என்னும் பித்தப் பொருளும் சேர்த்த உணவினைப் பல குலத்துச் சுண்டெலிகளுக்கு அளித்தனர். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, சி57எல் என்னும் குலத்தில் நூற்றுக்கு எண்பது வரை கல் கண்டிருந்தது, ஏ.கே.ஆர். என்னும் குலத்தில் நூற்றுக்குப் பதினைந்து அளவே. கூண்டு ஒன்று, உணவு ஒன்று, நாள் ஒன்று. ஆனால் விளைவு வேறு. பின்னர் இரு குலங்களையும் கலந்து இணைசேர்த்தனர். பிறந்த குட்டிகள் கல் உண்டாகும் குலத்தையே பெரிதும் ஒத்திருந்தன. கலப்பு வழித்தோன்றல்களை மேலும் ஆராய்ந்து, எந்தக் குரோமோசோமின் எந்தப் பகுதி கல்லோடு இணைந்தே வருகின்றது என்று தேடினர். இரண்டாம் குரோமோசோமில் அத்தகைய ஓரிடம் அகப்பட்டது. 1995இல் அதற்கு லித்1 எனப் பெயரிட்டு அறிவித்தனர். ‘லித்’ என்பது கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வேர். பின்னர் வேறு குரோமோசோம்களிலும் இத்தகைய இடங்கள் பல காணப்பட்டன. பித்தக்கல் ஒரு ஜீனால் வருவதன்று, பல ஜீன்களின் கூட்டு வேலை என்பது இதனால் தெளிவாயிற்று.

அந்த ஜீன்கள் செய்யும் வேலைதான் என்ன? உணவில் கொலஸ்ட்ரால் மிகுதியாக வந்தால், கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளவேண்டும். சந்தையில் சரக்கு குவிந்தால் பட்டறையில் வேலையைக் குறைப்பதுபோல் இது நிகழும். கல் உண்டாகாத குலத்தில் அந்தக் கட்டுப்பாடு ஒழுங்காக நடந்தது. கல் உண்டாகும் குலத்திலோ, வரவு பெருகிய பின்னும் உற்பத்தி குறையவில்லை. மிஞ்சியது பித்தநீரில் சென்று சேர்ந்தது.

வேறொரு வழியும் புலப்பட்டது. கல்லீரல் அணுவிலிருந்து கொலஸ்ட்ராலைப் பித்தநீருக்குள் இறைக்கும் ஏற்றம்போல் இரு புரதங்கள் இணைந்து வேலை செய்கின்றன. அவற்றை ஆக்கும் ஜீன்கள் ஏ.பி.சி.ஜி.5, ஏ.பி.சி.ஜி.8 எனப்படும். அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ் அம்மையாரின் குழுவினர், அவ்விரு ஜீன்களும் மிகுதியாக வேலை செய்யும் சுண்டெலிகளை உருவாக்கினர். அவற்றின் பித்தநீரில் கொலஸ்ட்ரால் ஐந்து மடங்குக்கு மேல் பெருகியதை 2002இல் வெளியிட்டனர். இறைப்பு மிகுந்தால் கிணற்று நீர் வாய்க்காலில் வழிவது இயல்பன்றோ?

சுண்டெலியிடம் கண்டது மனிதருக்கும் பொருந்துமா? 2007இல் ஜெர்மனியின் கீல் நகரத்தாரை முதன்மையாகக் கொண்ட குழுவினர், பித்தக்கல் உள்ளவரும் இல்லாதவருமான பலரின் மரபுக் கூறுகளை முழுமையாகத் துழாவிப் பார்த்தனர். அகப்பட்டது ஏ.பி.சி.ஜி.8 என்னும் அதே ஜீன். அதன் புரதத்தில் பத்தொன்பதாம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பவர்க்குப் பித்தக்கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என அறிந்தனர். தென் அமெரிக்காவின் சிலி நாட்டு மக்களிடமும் அது உறுதியாயிற்று. எலிக் கூண்டில் தொடங்கிய தேடல் மனிதரின் நோய்க்கட்டில் வரை வந்து சேர்ந்தது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை இங்கே இன்றியமையாதது. சுண்டெலி மனிதன் அன்று. அதன் பித்த உப்புகளின் வகையே வேறு. இயல்பான தீவனம் தின்னும் சுண்டெலிக்குக் கல் வருவது அரிது. கோலிக் அமிலம் கலந்த செயற்கை உணவினால்தான் விரைவில் வருகிறது. மேலும், கல் மிகுந்த குலத்திலும் ஐந்தில் ஒரு பங்கு எலிகளுக்குக் கல் வரவில்லை. ஜீன்கள் ஒன்றாயிருந்தும் விதி ஒன்றாயில்லை. 2005இல் சுவீடன் நாட்டில் 43,141 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தவர்கள், தொல்லை தரும் பித்தக்கல் நோயில் மரபின் பங்கு நூற்றுக்கு இருபத்தைந்து அளவே எனக் கணித்தனர். எஞ்சிய பெரும்பகுதி உணவும் உடல்நிலையும் வாழ்க்கை முறையும் சார்ந்தது.

ஆகவே, ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை, எனக்கு வாராது’ என்று இறுமாத்தலும் தவறு, ‘அம்மாவுக்கு வந்தது, எனக்கும் விதித்தது’ என்று சோர்தலும் தவறு. குடிபெயர்ந்த ஊரில் நம் உழைப்பு குறைந்து, உணவில் நெய்யும் வறுவலும் இனிப்பும் பெருகினால், தென்னாட்டுப் பிறப்பு மட்டும் நம்மைக் காவாது. உடற்பருமன், நீரிழிவு, பலமுறை கருவுறுதல் ஆகியவை கொலஸ்ட்ரால் கல்லுக்கு இடந்தருவன. ஆடவரைவிடப் பெண்டிர்க்கு இது மிகுதி. பருமனைக் குறைக்க எண்ணிப் பட்டினி கிடந்து திடீரென இளைப்பதும் கல்லுக்கே வழி. நெடுநேரம் உண்ணாதிருந்தால் பித்தப்பை சுருங்காது. தேக்கம் உண்டாகும் என மேலே கண்டோம். வேளை தவறாத அளவான உணவும் நாள்தோறும் நடையும் எளிய காப்பு.

கல் இருப்பவர் அனைவரும் அஞ்சவேண்டுவதில்லை. வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிந்து, எத்தொல்லையும் தராத கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை வேண்டா. நெய்ப்பதமுள்ள உணவுக்குப் பின் வலப்பக்க விலாவின்கீழ் வலி எழுந்து, முதுகுக்கோ வலத் தோளுக்கோ பரவி, அரைமணி முதல் சில மணிநேரம் நீடித்தால் அதுவே பித்தக்கல் வலியின் அடையாளம். அதனை ‘வாயுப் பிடிப்பு’ என்று எண்ணிப் பெருங்காய நீரோடு விட்டுவிடுதல் கூடாது. கல் என்றவுடன் வாழைத்தண்டுச் சாறு அருந்துவதும் நம் வழக்கம். அது சிறுநீரகக் கல்லைக் கருதி எழுந்த வழக்கம். சிறுநீர்ப் பாதை வேறு; பித்தநீர்ப் பாதை வேறு. சிறிய கொலஸ்ட்ரால் கற்களைக் கரைக்க மாத்திரை உண்டு. நிறமிக்கல்லை அது கரைக்காது. தமிழர் பலருக்கு அமைவது நிறமிக்கல்லோ கலப்புக்கல்லோ ஆதலின், மாத்திரையை நம்பிக் காலங்கடத்தும் முன் மருத்துவரைக் கேட்டறிதல் நலம்.

தொல்லை தரும் கல்லுக்குப் பித்தப்பையை அகற்றுவதே உறுதியான தீர்வு. 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் அதனை முதன்முதல் செய்தார். 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் முறையைத் தொடங்கினார். 1990இல் மும்பையில் டெம்டன் உத்வாடியா அம்முறையை நம் நாட்டிற்குக் கொணர்ந்தார். பித்தப்பை இன்றியும் கல்லீரல் பித்தநீரைச் சுரக்கும்; செரிமானம் நடக்கும்.

தீவுகளில் வாழ்வோர்க்குத் தனியாகச் சில சொற்கள். சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் இடையே கப்பல் பயணம் ஏறத்தாழ மூன்று நாள். தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளித்தால் வெளித்தீவுப் படகுகளும் தடைப்படும். ஆகவே, ஒருமுறை பித்தக்கல் வலி கண்டவர், அடுத்த வலிக்குக் காத்திராமல், கடல் அமைதியாக உள்ள காலத்திலேயே மருத்துவரிடம் சென்று செய்யவேண்டுவதை முடித்துக்கொள்வது அறிவுடைமை. வலியோடு குளிர்க்காய்ச்சலும் கண் மஞ்சளும் சேர்ந்தால், கல் பித்தக்குழாயை அடைத்துவிட்டது எனக் கொள்ள இடமுண்டு. அந்நிலையில் ஒரு நாளும் தாழ்த்தலாகாது.

அத்துடன், இத்தீவுகளில் காய்ச்சலோடு கூடிய மஞ்சள் நிறத்துக்கு வேறு காரணமும் உண்டு. 1990களில் வட அந்தமானில் மக்களை வாட்டிய காய்ச்சல் ஒன்றினை, லெப்டோஸ்பைரா என்னும் கிருமியால் வருவதென இங்குள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் மண்டல மையத்தார் கண்டறிந்தனர். எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் அக்கிருமி வாழும். வயலில் இறங்குவோரை அது எளிதில் பற்றும். கல்லடைப்புக்கு வேண்டிய மருத்துவம் வேறு. இக்காய்ச்சலுக்கு வேண்டிய மருந்து வேறு. வீட்டில் இருந்தபடி இரண்டையும் பிரித்தறிய இயலாது. ‘மஞ்சட்காமாலைதானே’ என்று கீழாநெல்லியை மட்டும் அரைத்துக் குடித்துக் காத்திருப்பது, உயிரோடு விளையாடுவதாகும்.

ஒரு கிருமியைச் சுமந்து நம் வயலுக்கு வருவதும் எலியினம். ஒரு நோயின் மூலத்தைத் தன் உடலில் எழுதிக் காட்டியதும் எலியினமே. சுண்டெலி கற்பித்த பாடத்தைச் சுருக்கிக் கூறின், பிறப்பு வாய்ப்பினைத் தருகிறது. வாழ்க்கை அதனைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. முன்னதை நாம் தேர்ந்தெடுத்தோமில்லை. பின்னது, எந்த மாநிலத்தில் எந்தத் தீவில் வாழ்ந்தாலும், பெரும்பாலும் நம் கையிலேயே உள்ளது.